விவசாயத்தில் இறங்கப்போகிறீர்களா? எந்தக் காகிதம், எவ்வளவு பணம், எந்த மாதம்

விவசாயத்தை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தொடங்கியது திருவண்ணாமலை மாவட்டத்தில், கிணற்றுப் பாசனமும் மானாவாரியும் கலந்த ஒரு ஊரில். எப்போது உழுவது, எப்போது விதைப்பது என்று சொல்லித்தர ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எந்தக் காகிதத்தை எந்த அலுவலகத்தில், எதற்குப் பிறகு வாங்குவது என்று சொல்லத்தான் யாரும் இல்லை. பிறந்ததிலிருந்து விவசாயம் செய்பவர்களுக்குப் பட்டாவும் மின் இணைப்பும் அப்பா காலத்திலேயே வந்துவிட்டன. வெளியிலிருந்து வருகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பயிர் நான்கு மாதத்தில் வந்துவிடும், காகிதம் அதைவிட அதிக நாள் எடுக்கும். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். நான் சொல்லும் கூலி, வாடகை விவரங்கள் எங்கள் பக்கத்து நிலவரம். உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

1. நிலம் பார்ப்பதற்கு முன் குடும்பச் செலவைக் கணக்கிடுங்கள்

ஒரு ஏக்கர் இறவை நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். உழவு, தொழு உரம், விதை, இரண்டு களை, ஜிப்சம், பறிப்புக் கூலி, காய் ஆயும் கூலி எல்லாம் சேர்த்து 35,000 முதல் 40,000 ரூபாய் வரை போகும். இதில் பாதிக்கு மேல் ஆள் கூலிதான். நன்றாக விளைந்தால் ஏக்கருக்கு 10 குவிண்டால் காய் வரும். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். சந்தையில் அதற்குக் கொஞ்சம் மேலும் போகும், கீழும் போகும். 70,000 வந்தது என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 30,000 சொச்சம். அதுவும் நான்கு மாதத்துக்கு, மழையும் பூச்சியும் தொந்தரவு செய்யாவிட்டால். குத்தகைப் பணத்தை இன்னும் கழிக்கவில்லை.

இதை 3 ஏக்கருக்குப் பெருக்கிப் பாருங்கள். நகரத்தில் வாங்கிய சம்பளம் இதில் வராது. அதனால் இரண்டு ஏற்பாடுகளைச் செய்துவிட்டு வேலையை விடுங்கள். ஒன்று, ஒன்றரை ஆண்டுக் குடும்பச் செலவு வங்கியில் தனியாக இருக்க வேண்டும். அதை நிலத்தில் போடக் கூடாது. இரண்டாவது, வாரா வாரம் காசு வரும் ஒரு வழி வேண்டும். கறவை மாடு, கீரை, பூ இவற்றில் ஒன்று. ஒரு கலப்பின மாடு 50,000 ரூபாய்க்கு மேல் ஆகும். பால் கூட்டுறவு சங்கத்தில் கொழுப்பும் இதர சத்தும் பார்த்து விலை போடுவார்கள். அந்தப் பணம்தான் களை எடுக்க வருகிறவர்களுக்குக் கூலியாகப் போகும்.

2. முதல் ஆண்டு குத்தகை நிலத்தில் செய்யுங்கள்

உடனே நிலம் வாங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். பொறுங்கள். எந்த ஊரில் ஆள் கிடைக்கிறார்கள், எந்தக் கிணறு சித்திரையில் வற்றுகிறது, காட்டுப்பன்றி எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதெல்லாம் ஒரு ஆண்டு அங்கே பயிர் செய்தால்தான் தெரியும். எங்கள் பக்கம் கிணறும் மின் இணைப்பும் உள்ள நிலத்துக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 10,000 முதல் 20,000 ரூபாய் வரை குத்தகை கேட்கிறார்கள். வாரத்துக்கும் விடுவார்கள். அதாவது விளைச்சலில் பங்கு.

நில உரிமையாளர்கள் எழுத்தில் எதையும் தரத் தயங்குவார்கள். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருப்பதால், எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டு பேசுங்கள். குறைந்தது இதையாவது முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்: அடங்கலில் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு) சாகுபடி செய்பவராக உங்கள் பெயரைப் பதிய அவர் சம்மதம், சிட்டா (உரிமையாளர், பரப்பு விவரம்) நகல், பயிர் காப்பீட்டுக்கும் விற்பனைக்கும் தேவைப்பட்டால் கையெழுத்துப் போடுவதாக ஒரு ஒப்புதல். உரிமையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் இதை விதைப்புக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அறுவடை முடிந்து நெல்லை அரசு கொள்முதல் நிலையத்தில் கொட்டிய பிறகு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலுக்காக உரிமையாளரைத் தேடி அலைவது பெரும்பாடு. அதற்குள் மழை வந்துவிட்டால் நெல் முளைத்துவிடும்.

3. நிலம் பார்க்கச் சித்திரை, வைகாசியில் போங்கள்

கார்த்திகையில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் போய்ப் பாருங்கள். மோட்டாரை ஓடவிட்டு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் அடியைத் தொடுகிறது, நிறுத்திய பிறகு எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று உட்கார்ந்து கவனியுங்கள். விற்பவர் சொல்வதை விட, அந்தக் கிணற்று மேட்டில் அரை நாள் இருந்தால் அதிகம் தெரிந்துகொள்ளலாம். பக்கத்து நிலத்துக்காரரிடம், எத்தனை போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டார்கள், எத்தனை தண்ணீர் இல்லாமல் போனது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் ஊரில் எல்லோரும் உண்மையான பதில் சொல்வார்கள்.

போர் இல்லாத நிலத்தை "போட்டால் வந்துவிடும்" என்று சொல்லி விற்பார்கள். அடிக்கு இவ்வளவு என்று போர் வண்டிக்கு, பிறகு கேசிங் குழாய், மோட்டார், கேபிள் என்று சேர்த்தால் லட்சத்தைத் தாண்டிவிடும். தண்ணீர் வராவிட்டாலும் வண்டிக்காரருக்குப் பணம் தர வேண்டும். அந்தச் செலவையும் நிலத்தின் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

பிறகு பாதை. டிராக்டர் போகும் வண்டிப்பாதை கிராம வரைபடத்திலோ பத்திரத்திலோ இருக்க வேண்டும். "நாங்கள் காலம் காலமாக இந்த வழியில்தான் போகிறோம்" என்பது உங்களுக்கு உரிமை ஆகாது.

4. காகிதங்கள்: இந்த இடத்தில் அவசரம் வேண்டாம்

தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்க, வாங்குகிறவர் ஏற்கெனவே விவசாயியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் பெயரில் கிரயம் செய்வதற்கு முன் இதைக் கவனியுங்கள்.

விற்பவரிடம் புல எண்ணும் (சர்வே எண்) உட்பிரிவு எண்ணும் வாங்கிக்கொண்டு, நீங்களே இவற்றை எடுத்துப் பாருங்கள். வருவாய்த் துறை இணையதளத்திலும் பதிவுத் துறை இணையதளத்திலும் பெரும்பாலானவை இலவசமாகவே பார்க்கக் கிடைக்கும்.

பட்டா, சிட்டா: யார் பெயரில் இருக்கிறது, தனிப்பட்டாவா கூட்டுப்பட்டாவா என்று பாருங்கள். கூட்டுப்பட்டாவில் ஐந்து பெயர் இருந்து, ஒருவர் மட்டும் விற்க வந்தால், அவருடைய பாகம் எது என்று காட்டும் பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும்.

அ-பதிவேடு: நன்செயா, புன்செயா, ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), புறம்போக்கா என்பது இதில்தான் தெரியும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பஞ்சமி நிலம், பூமிதான நிலம், நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம் இவற்றில் எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பஞ்சமி நிலம் ஆதிதிராவிட மக்களுக்கு அரசு ஒப்படைத்தது, பிறர் வாங்கினால் செல்லாது. "இருபது வருடமாக நாங்கள்தான் அனுபவிக்கிறோம், ஒன்றும் ஆகாது" என்பார்கள். அந்தப் பேச்சை நம்பிப் போடும் பணம் திரும்பாது, அந்த நிலம் சேர வேண்டியவர்களுக்கும் அது அநியாயம்.

வில்லங்கச் சான்று: அந்த நிலத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் இதில் வரும். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் இணையத்திலேயே கிடைக்கிறது. உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுப் பார்த்தால் பழைய பதிவுகள் விடுபடும். உட்பிரிவு ஆவதற்கு முன் இருந்த தாய்ப் புல எண்ணையும் போட்டுப் பாருங்கள். அடமானம் இருந்து, ரத்துப் பத்திரம் இல்லையென்றால் அந்தக் கடன் இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூலப்பத்திரங்கள்: ஒவ்வொரு கைமாற்றமும் சங்கிலியாகத் தொடர வேண்டும். பரம்பரைச் சொத்து என்றால் வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணம் ஆகிப் போன பெண் மக்களுக்கும் பங்கு உண்டு. "அவங்க ஒன்னும் கேக்க மாட்டாங்க" என்று அண்ணன் தம்பிகள் சொன்னால் அந்தப் பெண்களையே அழைத்து வரச் சொல்லுங்கள். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம், வழக்கறிஞரைக் கேளுங்கள். பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்திரத்தின் சொத்து விவரப் பகுதி: இதை வரி விடாமல் படியுங்கள். கிணறு பெரும்பாலும் பங்குக் கிணறாக இருக்கும். "கிணற்றில் நான்கில் ஒரு பங்கும், மின் மோட்டாரில் நான்கில் ஒரு பங்கும், முறை தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும்" என்று எழுதியிருந்தால், நான்கு நாளைக்கு ஒரு முறைதான் உங்களுக்குத் தண்ணீர். விற்பவர் கிணற்றைக் காட்டும்போது இதைச் சொல்ல மாட்டார். வாய்க்கால், வண்டிப்பாதை பாத்தியமும் இந்தப் பகுதியில்தான் இருக்கும், இல்லையென்றால் இல்லைதான்.

எல்லா நகல்களையும் வைத்து, அந்த வட்டத்திலேயே தொழில் செய்யும் வழக்கறிஞரிடம் கருத்துரை வாங்குங்கள். சில ஆயிரம் ஆகும். புரோக்கர் கூட்டிப்போகும் வழக்கறிஞர் வேண்டாம்.

5. அளந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு ஏர் 2.47 சென்ட். டெல்டாப் பக்கம் மா, குழி என்று சொல்வார்கள். ஒரு மா சுமார் 33 சென்ட். பேச்சில் "ஒன்றரை ஏக்கர்" என்பது பட்டாவில் 1 ஏக்கர் 38 சென்ட்டாக இருப்பது சாதாரணம். விலையைச் சென்ட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.

புலப்படத்தை (அளவுகளோடு உள்ள நில வரைபடம்) எடுத்துக்கொண்டு, அக்கம் பக்கத்துக்காரர்களை வைத்துக்கொண்டே அளக்க வேண்டும். அரசு நில அளவருக்கு விண்ணப்பித்தால் நாள் ஆகும். உரிமம் பெற்ற தனியார் அளவர் சீக்கிரம் வருவார். அத்துக்கல் (எல்லைக் கல்) எங்கே இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வரப்பைக் காட்டி முடித்துவிட விடாதீர்கள். வரப்பு ஆண்டுக்கு ஒரு சாண் நகரும், கல் நகராது.

பதிவுச் செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் மதிப்புக்கு 90,000 ரூபாய். அரசு வழிகாட்டி மதிப்பை விடக் குறைத்துப் போட முடியாது. 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 2025 ஏப்ரல் முதல் இந்தச் சலுகை இருக்கிறது. பத்திரம் எழுதுகிறவர் கூலி, வழக்கறிஞர், அளவர், புரோக்கர் கமிஷன் எல்லாம் சேர்த்து, நிலத்தின் விலைக்கு மேல் 12 சதவீதமாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். நிலக் கிரயத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு வருமான வரித் துறை அபராதம் போடலாம்.

6. பதிவு முடிந்ததும் பட்டா

பத்திரம் கையில் வந்துவிட்டது என்று பலர் இங்கே ஓய்ந்துவிடுகிறார்கள். பட்டா உங்கள் பெயருக்கு வராதவரை கடன், மானியம், மின் இணைப்பு எதுவும் நகராது. முழு உட்பிரிவையும் வாங்கியிருந்து, விற்றவர் பெயரிலேயே பட்டா இருந்தால் பதிவோடு சேர்ந்தே தானாக மாறிவிடும். ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விண்ணப்ப எண்ணை வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை நிலையைப் பாருங்கள்.

என்னுடைய விண்ணப்பம் முதலில் தள்ளுபடி ஆனது. ஆதாரில் இனிஷியல் பின்னால், பத்திரத்தில் முன்னால். இதற்காக மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஆதார், பான், வங்கிக் கணக்கு, பத்திரம் நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பத்திரம் எழுதும் முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

7. மின் இணைப்பு

விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், ஆனால் புது இணைப்புக்குச் சாதாரண வரிசையில் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பணம் கட்டிச் சீக்கிரம் வாங்கும் தட்கல் முறை அறிவிக்கப்படும்போது லட்சங்களில் கட்ட வேண்டிவரும். அதனால்தான் "சர்வீஸ் உள்ள நிலம்" என்றால் விலை ஏறுகிறது. அப்படி வாங்கினால் இணைப்பு எண்ணையும், அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்கு விற்பவரின் சம்மதக் கடிதத்தைக் கிரயத்தன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே ஓடும் இணைப்புகள் ஏராளம்.

காத்திருக்க முடியாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையில் சூரிய ஒளி பம்ப்செட் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

8. விவசாயி என்ற அடையாளம்

பட்டா வந்த மாதமே இவற்றைச் செய்துவிடுங்கள். வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று, இ-சேவை மையம் வழியாக. விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண். உழவன் செயலியில் பதிவு. உள்ளூர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினர்.

கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. வங்கியில் கிசான் கடன் அட்டை என்றால், 3 லட்சம் வரை கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு 4 சதவீதம் விழும். ஒரு நாள் தப்பினாலும் சலுகை போய்விடும். அறுவடைத் தேதியைக் கணக்குப் பார்த்து, அதற்கு இரண்டு மாதம் கழித்துக் கெடு விழும்படி கடன் வாங்குங்கள்.

சொட்டுநீர் பாசனத்துக்கு, சிறு குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். சிட்டா, அடங்கல், புலப்படம், சிறு விவசாயி சான்று, ஆதார் கேட்பார்கள். இதைத் தவிர்த்துப் பல மானியங்கள் பின்னேற்பு மானியம். முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் போட வேண்டும், பிறகுதான் கணக்கில் வரும். மானியத்தை நம்பி வெளியே கந்துவட்டிக்கு வாங்காதீர்கள்.

விவசாயிகளுக்கு மத்திய அரசு ஆண்டுக்குத் தரும் பிஎம் கிசான் உதவித்தொகை 6,000 ரூபாய் உங்களுக்கு வராது. 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு நிலம் வாங்கியவர்கள் அதில் சேர முடியாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

9. மண்ணும் விதையும்

விதைக்க ஒரு மாதம் முன்பே மண் மாதிரி கொடுங்கள். கட்டணம் மிகக் குறைவு. வரப்போரம், எருக்குழி, மர நிழல் இந்த இடங்களில் எடுக்காதீர்கள். மேல் குப்பையை ஒதுக்கி, ஆங்கில வி வடிவத்தில் அரை அடிக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். பத்துப் பன்னிரண்டு இடத்தில் எடுத்துக் கலந்து, அரை கிலோ கொடுத்தால் போதும். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுத்து உப்பு பார்த்துவிடுங்கள்.

நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 50 முதல் 60 கிலோ பருப்பு வேண்டும். திண்டிவனம், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையங்களின் டி.எம்.வி., வி.ஆர்.ஐ. ரகங்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் மானியத்தில் வரும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். மார்கழிப் பட்டத்துக்கு ஐப்பசியிலேயே உதவி வேளாண்மை அலுவலரிடம் சொல்லி வையுங்கள். சான்று விதை மூட்டையில் நீல அட்டை இருக்கும். அந்த அட்டையையும் பில்லையும் அறுவடை வரை வைத்திருங்கள். முளைக்காவிட்டால் விதை ஆய்வாளரிடம் புகார் செய்ய அது இல்லாமல் முடியாது.

எங்கே வாங்கினாலும் 100 பருப்பை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துவந்து, ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் வெள்ளையாக முளைவேர் நீட்டியவற்றை எண்ணலாம். 70க்குக் கீழே இருந்தால் அந்த விதையைத் திருப்பிக் கொடுங்கள்.

10. பயிர் காப்பீடு

உணவு தானியம், எண்ணெய்வித்துக்கு விவசாயி கட்டும் பங்கு காரீஃப் (தென்மேற்குப் பருவமழைக் காலம்) பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபியில் (குளிர்காலம்) 1.5 சதவீதம், தோட்டப் பயிருக்கு 5 சதவீதம் வரை. பட்டா, அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, வங்கிப் புத்தக நகல், ஆதார் கொண்டுபோங்கள். கடைசி நாளில் இணையம் திணறும், விதைத்த வாரத்திலேயே கட்டுங்கள். ரசீதில் வருவாய் கிராமப் பெயரும் புல எண்ணும் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். தட்டச்சில் ஒரு எண் மாறினாலும் இழப்பீடு வராது.

இழப்பைப் பெரும்பாலும் கிராம அளவிலோ பிர்க்கா (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) அளவிலோ கணக்கிடுவார்கள், உங்கள் நிலத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குதல் போன்று உங்கள் நிலத்தில் மட்டும் சேதம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிட வேண்டும்.

11. விற்பனை

மண்டிக்காரரிடம் சாகுபடிக்கு முன்பணம் வாங்கினால் அவர் சொல்லும் விலைக்கு அவரிடமே போட வேண்டும். எவ்வளவு நெருக்கடி என்றாலும் அதைத் தவிர்க்கப் பாருங்கள்.

எங்கள் பக்கம் சேத்துப்பட்டு, வந்தவாசி, ஆரணி, போளூர் என்று ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் உண்டு. அங்கே மறைமுக ஏலம் (வியாபாரிகள் ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் எழுதிப் போடுவது), விவசாயியிடம் கமிஷன் கிடையாது. முதல் முறை போகும்போது ஆதார், வங்கிப் புத்தகம், சிட்டா நகல் கொண்டுபோங்கள். காய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கையில் அள்ளிக் குலுக்கினால் பருப்பு உள்ளே ஆடும் சத்தம் கேட்கும். ஈரத்தோடு கொண்டுபோனால் விலை விழுந்துவிடும். அன்றைய விலை பிடிக்கவில்லை என்றால் அங்கேயே கிடங்கில் வைத்து, அதை ஈடாகக் காட்டிப் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு, விலை ஏறும்போது விற்கலாம்.

நெல் என்றால் நேரடி கொள்முதல் நிலையத்தில் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காய்கறி போடுகிறவர்கள் உழவர் சந்தைக்கு அடையாள அட்டை வாங்குங்கள். அலுவலர் நிலத்தில் வந்து பயிரைப் பார்த்த பிறகுதான் அட்டை தருவார்கள் என்பதால், காய் பறிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

விற்ற ரசீது, விதை பில், உர பில் எல்லாவற்றையும் போகத்துக்கு ஒரு கோப்பாகப் போட்டு வையுங்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் உங்களுக்கு வேறு வழியில் வரி கட்டும் அளவு வருமானம் இருந்தால், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட விவசாய வருமானத்தையும் கணக்கில் காட்ட வேண்டும், அப்போது அந்த ரசீதுகளைத்தான் கேட்பார்கள்.